கால் எட்டாத ஸ்டூல்

"மேடம், லேடீஸுக்குன்னு ஒரு கார்னர் பண்ணிடுங்க. கொஞ்சம் பூ, கொஞ்சம் பிங்க், ஒரு ஊஞ்சல். போட்டோ எடுத்தா நல்லா வரணும்."

பெங்களூரில் ஒரு மைக்ரோ ப்ரூவரியின் டேப்ரூமுக்கு உள்ளரங்கு வரைந்து தரும் வேலை என்னிடம் வந்தபோது, முதல் கூட்டத்திலேயே முதலாளி சொன்னது இது. டேப்ரூம் என்றால் பீர் காய்ச்சும் இடத்திலேயே, அந்தப் பெரிய எஃகுத் தொட்டிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி, குழாயிலிருந்து நேராகப் பிடித்துக் குடிக்கும் கூடம். எங்களுக்குக் கிடைத்தது நாலாயிரம் சதுர அடி. அதில் ஒரு மூலையை மட்டும் எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒதுக்கித் தரச் சொன்னார் அவர். நல்ல மனிதர். பெண்கள் வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினார். மூலை போக மீதிக் கூடம் யாருடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதைவிட வெட்கம், அந்த நிமிடம் எனக்கும் தோன்றவில்லை. "பண்ணிடலாம் சார்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த மூலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெண்களுக்கென்று அன்போடு ஒதுக்கப்படும் மூலை, பழைய வேலிக்குப் புதுப் பெயின்ட் அடித்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சொல்லத் தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். "பெண்ணியம் பேச உனக்கு பீர் கடைதானா கிடைத்தது?" தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எத்தனை ஊர்களில் பெண்கள் கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். சம்பளம் வீட்டுக்கு வராத சனிக்கிழமைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். என் அம்மா அந்தக் கடை இருக்கும் பக்கம் நடக்கவே மாட்டார். எதிர்ப்பக்கம் போய், வெயிலில் சுற்றிக்கொண்டுதான் வருவார்.

நான் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. நான் குடிப்பேனா என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையும் இல்லை. ஆனால் என் அம்மா ஏன் எதிர்ப்பக்கம் போனார் என்பது தேவை. அவர் மதுவுக்குப் பயந்து போகவில்லை. பாட்டில் தானாக எழுந்து வந்து யாரையும் இடிக்காது. அவர் பயந்தது அந்த இடத்துக்கு. கம்பிவலைக்குப் பின்னால் ஒரு கை, அதன் முன்னால் முட்டி மோதும் கூட்டம், பக்கத்தில் தகரக் கொட்டகை, உள்ளே மங்கலான ஒற்றை விளக்கு, சிறுநீர் கழிக்கத் தெருச் சுவர். நான் பார்த்த கடைகள் இப்படித்தான் இருந்தன. இதையும் ஒருவர் வடிவமைத்திருக்கிறார். வடிவமைப்பே இல்லாததுபோல் தெரிவதும் ஒரு வடிவமைப்புதான். "இங்கே பெண் வர மாட்டாள்" என்று முடிவு செய்துவிட்டுக் கட்டிய இடம் அது. அந்த முடிவு சுவரோடு நிற்காமல் தெருவுக்கும் வந்துவிட்டது. கடைக்குள் பெண் இல்லை என்று ஆனதும், கடைக்கு முன்னால் உள்ள நடைபாதையிலும் பெண் இல்லை என்று ஆகிவிட்டது. அம்மா வெயிலில் சுற்றியதற்குக் காரணம் அதுதான்.

"நம் பண்பாடு" என்று அடுத்து ஒருவர் ஆரம்பிப்பார். அவருக்கு ஒரே பதில். புறநானூற்றில் 235ஆம் பாட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதியமான் இறந்ததற்கு ஔவை அழுத பாட்டு அது. அவனோடு கள்ளைப் பகிர்ந்துகொண்ட நாட்களை நினைத்துத்தான் அழத் தொடங்குகிறாள். அவளை யாரும் பிங்க் மூலையில் உட்கார வைத்ததாகத் தெரியவில்லை.

இனி மூலையின் வரலாற்றுக்கு வருகிறேன்.

பீர் காய்ச்சுவது ஐரோப்பாவில் நெடுங்காலம் வீட்டுப் பெண்களின் வேலை. இங்கிலாந்தில் அப்படிக் காய்ச்சி விற்றவளுக்கு "ப்ரூஸ்டர்" என்று பெண்பால் பெயரே இருந்தது. குடும்பத்துக்குக் காய்ச்சியது போக மிஞ்சியதை வாசலில் விற்பாள். ஆல் எனப்பட்ட அந்த பானம் சில நாட்களில் புளித்துவிடும், தூரம் கொண்டுபோக முடியாது, அதனால் சிறிய அளவில் காய்ச்சுகிற பெண்ணுக்கு அதில் இடம் இருந்தது. ஹாப்ஸ் பூ சேர்த்த பீர் வந்தபோது நிலைமை மாறியது. அது கெடாமல் நாள்பட நின்றது. பெரிய கொப்பரை, பெரிய முதல், ஏற்றுமதி, சங்கம், உரிமம் என்று தொழில் வளர்ந்தது. கடன் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் சட்டத்தில் சுலபமான வழி இல்லாத மணமான பெண்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் இதைப் பற்றி 1996இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். 1540இல் செஸ்டர் நகரம் இன்னும் வெளிப்படையாகவே நடந்துகொண்டது. 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் ஆல் கடை வைக்கக் கூடாது என்று விதி போட்டது. தொழில் லாபம் தரும்வரை அது அடுப்படி வேலை. லாபம் தரத் தொடங்கியதும் அது ஆண்களின் கைவினை. இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. வீட்டில் சமைப்பவள் யார், ஹோட்டலில் மாஸ்டர் என்று அழைக்கப்படுபவர் யார் என்று பாருங்கள்.

காய்ச்சும் இடத்திலிருந்து வெளியேற்றிய பிறகு, குடிக்கும் இடத்தில் அவளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை சொன்னது கட்டடக்கலை. இங்கிலாந்து, அயர்லாந்து பப்களில் "ஸ்னக்" என்று சிறு அறை ஒன்று இருந்தது. மறைப்புக் கண்ணாடி, கவுன்ட்டரின் ஓரத்தில் ஒரு சின்னத் திறப்பு. பெண்கள் அதற்குள் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் வாங்கிக் குடிக்கலாம். ஆஸ்திரேலியாவில் "லேடீஸ் லவுஞ்ச்". முன்கூடத்தில் பெண்ணுக்கு இடமில்லை. 1916 முதல் அங்கே பல மாநிலங்களில் மாலை ஆறு மணிக்கே பார் மூட வேண்டும் என்று சட்டம் இருந்தது. வேலை முடிந்து வரும் ஆண்கள் ஆறு மணிக்குள் முடிந்தவரை குடித்துத் தீர்த்தார்கள். கூட்டம் நிற்க இடம் வேண்டும் என்று நாற்காலி மேசைகளை எடுத்தார்கள். கழுவிவிட வசதியாகச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். குடிப்பவனையும் சேர்த்துக் கழுவிவிடும் மாதிரியான அறை. ஆணுக்கும் அது மரியாதையான இடமாக இல்லை. பெண்களை விலக்கிய அறை ஆண்களுக்கு அரண்மனையாக இருந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் ஊர்த் தகரக் கொட்டகையே சாட்சி.

1965 மார்ச் 31. பிரிஸ்பேனில் ரெகாட்டா ஹோட்டலின் பாருக்குள் மெர்ல் தார்ன்டன், ரோசலி பாக்னர் என்று இரண்டு பெண்கள் நுழைந்தார்கள். பெண்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள் கடைக்காரர்கள். இருவரும் பாரின் அடியில் இருந்த கால்வைக்கும் கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். குயின்ஸ்லாந்தில் அந்தத் தடை 1970இல் நீங்கியது. அந்தக் கம்பியை மறந்துவிடாதீர்கள், அதற்குத் திரும்பி வருவேன்.

லண்டன் ஃப்ளீட் தெருவில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடும் எல் வினோ என்ற மதுக்கடை. ஆண்கள் கவுன்ட்டரில் நின்று குடிக்கலாம், பேசலாம், செய்தி பரிமாறலாம். பெண்கள் பின்னறையில் மேசையில் உட்கார்ந்தால் கொண்டுவந்து கொடுப்பார்கள். "உங்களுக்கு உட்கார வசதி செய்து கொடுத்திருக்கிறோமே, பிறகென்ன குறை?" என்பது கடையின் வாதம். டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் அன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1982இல் மேல்முறையீட்டில் வென்றார்கள். அந்தக் கடையில் செய்தி கவுன்ட்டரில்தான் கிடைத்தது, பின்னறையில் கிடைத்தது நாற்காலி மட்டும். எங்கே நிற்கலாம், எங்கே உட்கார வேண்டும் என்பது வேலையை, வருமானத்தை, பெயரை முடிவு செய்யும் விஷயம் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நியூயார்க்கின் மெக்சார்லிஸ். நூறு ஆண்டுகளுக்கு மேல் பெண்களை உள்ளே விடாத ஆல் கடை. 1969இல் ஃபெய்த் சைடன்பெர்க், கரென் டிக்ரோ இருவரும் போய்க் கேட்டு, மறுக்கப்பட்டு, வழக்குத் தொடுத்தார்கள். 1970இல் கடை திறந்துவிடப்பட்டது. பெண்களுக்கான கழிப்பறை எப்போது வந்தது தெரியுமா? 1986இல். நீதிமன்றம் கதவைத் திறந்த பிறகும் பதினாறு ஆண்டுகள் அந்தக் கட்டடம் தீர்ப்பை ஏற்கவில்லை.

இந்த இடைவெளியில்தான் நான் பிழைப்பு நடத்துகிறேன். சட்டம் ஒரு நாளில் மாறும், ப்ளான் மாறாது.

இந்தியாவுக்கு வருவோம். 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டத்தில் 30ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. மது பரிமாறும் இடத்தில் எந்தப் பெண்ணையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. டெல்லியிலும் அது நடைமுறையில் இருந்தது. ஹோட்டல் நிர்வாகம் படித்த பெண்கள் பாரில் வேலை செய்ய முடியாது. 2007இல் அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் உரிமையை வெட்டாதே, பாதுகாப்பான இடத்தை உண்டாக்குவதுதான் அரசின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். இரண்டே ஆண்டில், 2009 ஜனவரி 24 அன்று, மங்களூரில் ஒரு பப்புக்குள் புகுந்த கும்பல் அங்கிருந்த பெண்களை அடித்துத் துரத்தியது. பண்பாட்டைக் காப்பாற்றினார்களாம். உள்ளே ஆண்களும்தான் இருந்தார்கள். பண்பாடு கெட்டது பெண்களால் மட்டும்.

அடுத்த ஆண்டுகளில் பெங்களூரில் மைக்ரோ ப்ரூவரிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. 2010இல் இந்திராநகரில் தொடங்கிய டாய்ட் அவற்றில் முன்னோடிகளில் ஒன்று. ஐடி அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெண்கள், அவர்களில் எத்தனையோ தமிழ்ப் பெண்கள், முதல் முறையாகத் தோழிகளோடு வெளியே வந்து, யாரும் முறைக்காத இடத்தில் உட்கார்ந்தது இப்படிப்பட்ட கூடங்களில்தான். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது பெரிய விஷயம். சட்டப்படி இப்போது கதவு திறந்திருக்கிறது. அதனால்தான் இப்போது ப்ளானைப் பேச வேண்டும்.

என் ப்ளானையே எடுத்துக்கொள்கிறேன்.

பார் கவுன்ட்டரின் உயரம் 42 அங்குலம். ஸ்டூல் 30 அங்குலம். கால்வைக்கும் கம்பி தரையிலிருந்து 9 அங்குலத்தில். எல்லாம் கைநூலில் உள்ள அளவு. இந்த அளவுகள் யாருடைய உடம்பிலிருந்து வந்தன? நாங்கள் கல்லூரியில் படித்த லெ கார்பூசியேயின் மாடுலர், 183 சென்டிமீட்டர் உயர ஆணை அளவுகோலாக வைத்தது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டர் அளவில்தான். ஸ்டூல் வந்த அன்று நானே ஏறி உட்கார்ந்தேன். என் உயரம் ஐந்தடி. இருக்கைக்கும் கம்பிக்கும் இடையே 21 அங்குலம். முழங்காலுக்குக் கீழே என் கால் பதினைந்து, பதினாறு அங்குலம். கால் அந்தரத்தில் தொங்கியது. தொடையின் அடிப்பக்கம் விளிம்பில் அழுந்தி, பத்து நிமிடத்தில் மரத்துப்போனது. பள்ளியில் உயரமான பெஞ்சில் உட்காரவைத்த குழந்தை மாதிரி இருந்தேன். அந்த நிலையில் யாராவது வந்து பேசினால் சட்டென்று இறங்கிப் போகவும் முடியாது. குதிக்க வேண்டும். புடவையில் குதித்துப் பாருங்கள்.

ரெகாட்டாவில் அந்த இரண்டு பெண்கள் சங்கிலி கட்டிய கம்பி இதுதான். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றார்கள். அறுபது ஆண்டு கழித்து அதே கம்பிக்கு என் கால் எட்டவில்லை. தீர்வு பெரிய விஞ்ஞானம் இல்லை. 14 அங்குலத்தில் இரண்டாவதாக ஒரு கம்பி. கவுன்ட்டரின் ஒரு பாதியை 30 அங்குல உயரத்துக்கு இறக்கி, சாதாரண நாற்காலி போடுவது. அப்படிச் செய்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கவுன்ட்டர் கிடைக்கும். வயதானவருக்கும் கிடைக்கும். கேட்டேன். "லுக் போயிடும் மேடம்" என்றார்கள்.

அந்த "லுக்" என்ன? இண்டஸ்ட்ரியல் லுக். பூசாத செங்கல், பாலிஷ் போட்ட சிமென்ட் தரை, மேலே மறைக்காத ஏசி குழாய்கள், இரும்பு, கண்ணாடி, எஃகுத் தொட்டி. தொழிற்சாலையைப் போல் இருக்க வேண்டுமாம், தொழிலாளி மட்டும் கண்ணில் படக் கூடாது. இந்தப் பரப்புகளில் ஒன்றுகூட ஒலியை உறிஞ்சாது. ஒரு மேசையின் சிரிப்பு நான்கு சுவரிலும் மோதித் திரும்பும். எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், அதனால் சத்தம் இன்னும் கூடும். இந்தக் கூட்டல் விளையாட்டில் கனத்த குரல்தான் ஜெயிக்கும். பேச வேண்டுமானால் முகத்தருகே முகம் கொண்டுபோக வேண்டும், காதில் சொல்ல வேண்டும். பிடிக்காத ஒருவன் நெருங்கி வருவதற்கு அந்தச் சத்தமே சாக்கு. "கேக்கல, கிட்ட வா" என்று எத்தனை முறை கேட்டிருப்போம்? கூரையில் ஒலி உறிஞ்சும் பலகை பதித்தால் இது பாதி குறையும். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்பட்டது அந்தப் பலகைதான். நியான் விளக்கும் பூச்சுவரும் வெட்டப்படவில்லை.

கழிப்பறை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக ஆளுக்கு நூற்றிருபது சதுர அடி என்று வரைந்திருந்தார்கள். "ஈக்வல் மேடம்" என்று சிரித்தார் சைட் இன்ஜினியர். அதே பரப்பில் ஆண்களுக்குச் சுவரோடு நான்கு, கதவோடு இரண்டு என ஆறு பேருக்கு இடம். பெண்களுக்குக் கதவோடு மூன்று. உடை, மாதவிடாய், கையில் பை, சில நேரம் குழந்தை என்று பெண்ணுக்கு நேரமும் கூடுதலாக வேண்டும். பரப்பு சமம், வரிசை மட்டும் பெண்கள் பக்கம். நியூயார்க் நகரம் 2005இல் தியேட்டர், பார் போன்ற புதிய இடங்களில் ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு இரண்டு என்று விதி கொண்டுவந்தது. மெக்சார்லிஸ் இருக்கும் அதே நகரம்.

அந்தக் கழிப்பறைக்குப் போகும் வழி இன்னொரு கதை. ஆண்கள் புகைபிடிக்கும் இடத்தைத் தாண்டி, திருப்பம் கொண்ட, மங்கலான நடைவழி. "ஆம்பியன்ஸ்" என்றார்கள். கதவில் என்ன எழுதலாம் என்றும் ஒரு கூட்டம் போட்டார்கள். ஆண்கள் கதவில் "ப்ளா" என்று ஒரு முறை, பெண்கள் கதவில் "ப்ளா ப்ளா ப்ளா ப்ளா" என்று கதவு நிறைய. பல ஊர்ப் பார்களில் பார்த்த அதே அரதப்பழசு ஜோக். நான் சிரிக்கவில்லை. "ஜோக்குதான மேடம்" என்றார்கள். காசு கொடுத்து உள்ளே வந்த பெண்ணை, அவள் அவசரமாகப் போகும் கதவிலேயே கேலி செய்வதற்கு மரத்தில் செதுக்கிப் பித்தளையில் பதித்துச் செலவு செய்யத் தயாராக இருந்தார்கள்.

பிறகு புதன்கிழமை "லேடீஸ் நைட்". பெண்களுக்கு இலவசம். இலவசமாகக் கொடுக்கும்போது விற்கப்படுவது எது என்று எப்போதும் கேளுங்கள். ஆண்கள் கூட்டம் சேர, அறையில் பெண்கள் தெரிய வேண்டும். பூச்சுவர், ஊஞ்சல், நியான், பெண்கள். அலங்காரப் பட்டியலில் நாமும் ஒரு வரி. ஊஞ்சல் மூலையை வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னதற்கும் காரணம் அதுதான். பழைய ஸ்னக் பெண்ணை மறைத்து வைத்தது. இந்த மூலை காட்சிக்கு வைக்கிறது. இரண்டிலும் கூடம் அவளுடையது இல்லை.

இதுவரை சொன்னது காசு கொடுத்து வரும் பெண்ணின் குறை. "ஒரு கிளாஸ் பீருக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்க முடிகிற பெண்ணின் கால் எட்டினால் என்ன, எட்டாவிட்டால் என்ன?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. கட்டுரையின் கடினமான பகுதி இனிமேல்தான், அதில் குற்றவாளி நான்.

முதல் ப்ளானில் வேலை செய்யும் பெண்களுக்கென்று ஆறுக்கு எட்டடியில் ஓர் அறை வரைந்திருந்தேன். உடை மாற்ற, பையை வைக்க, பத்து நிமிடம் உட்கார. இரண்டு மாதம் கழித்து, கூடுதலாக இரண்டு தொட்டி வேண்டும் என்றார்கள். எங்கே இடம் எடுப்பது? ஊஞ்சல் மூலையைத் தொடக் கூடாது. பார் நீளம் குறையக் கூடாது. "அந்த ஸ்டாஃப் ரூம் வேணுமா மேடம்? அவங்க எங்கயாவது மாத்திப்பாங்க." நான் கொஞ்சம் வாதாடினேன். பிறகு அழித்தேன். திருத்திய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துதான்.

கடை திறந்து ஆறு மாதம் கழித்து ஒரு பழுது பார்க்கப் பகலில் போனேன். மால்ட் மூட்டைகள் அடுக்கிய அறையின் கதவைத் தள்ளினேன். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவே புடவையை மாற்றிச் சீருடை போட்டுக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் இல்லை. சரக்கு அறைக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று நான்தான் போடவில்லை. பதறி வெளியே வந்தேன். சீருடையோடு வந்தவர், என் பேச்சைக் கேட்டு, "தமிழாம்மா? கிருஷ்ணகிரிப் பக்கம் நானு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல கண்ணு. பொம்பளதான தொறந்த. அந்த மூட்ட எறக்குற பசங்க தொறந்தாத்தான் கஷ்டம். அதான் கதவுல சாஞ்சிக்கினே மாத்திப்பேன், இன்னிக்கு மறந்துட்டேன்" என்றார். அந்த அறையை வரைந்தது நான் என்று அவருக்குத் தெரியாது. சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

அவரும் மேசைக்குக் கொண்டுவந்து கொடுக்கும் பெண்களும் ஒன்பது மணி நேரம் நிற்கிறார்கள். கூடத்தில் நூற்றெண்பது இருக்கைகள், அவர்களுக்கென்று ஒன்றுகூட இல்லை. கழிப்பறையும் வாடிக்கையாளர்களுடையது, கூட்ட நேரத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. பீர் வழிந்தோடும் வீட்டில் தாகத்தோடு நிற்கும் பெண்கள்.

கோழிக்கோட்டில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகத்தான் போராடினார்கள். பி. விஜியும் "பெண்கூட்டு" அமைப்பும் கேட்டது இரண்டே விஷயம்: கழிப்பறை, உட்கார நாற்காலி. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. துணி மடிக்கும் மேசைக்குப் பின்னால் நின்ற பெண்களின் சங்கம் வாங்கிக் கொடுத்த நாற்காலி அது. எங்களைப் போன்ற டிசைனர்கள் யாரும் வாங்கிக் கொடுக்கவில்லை. நாங்கள் அதை ப்ளானில் அழித்துக்கொண்டிருந்தோம்.

என் தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான். ஓர் இடம் பெண்களுக்கு நல்ல இடமா என்று பார்க்க, பிங்க் மூலையைப் பார்க்காதே. அங்கே தரை துடைக்கும் பெண் எங்கே உடை மாற்றுகிறாள் என்று பார். அதற்குப் பதில் மூட்டைகளுக்கு நடுவே என்றால், வாசலில் "உமன் ஃப்ரெண்ட்லி" என்று எத்தனை நியானில் எழுதினாலும் அது பொய். இருவரின் குறையும் ஒரே பேனாவில் இருந்துதான் வருகிறது. யாருடைய உடம்பு கணக்கில் உண்டு, யாருடையது கணக்கில் இல்லை என்று முடிவு செய்யும் பேனா.

கட்டடக்கலையும் உள்ளரங்க வடிவமைப்பும் படிக்கும் மாணவிகளுக்குச் சொல்கிறேன். வகுப்பில் உங்களுக்கு நிறம், துணி, வெளிச்சம் என்று நிறையச் சொல்லித் தருவார்கள். பெண் டிசைனர் என்றால் மெத்தை உறையைத் தேர்ந்தெடுக்கக் கூப்பிடுவார்கள். நீங்கள் டேப் எடுத்துப் போங்கள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். கழிப்பறையில் சதுர அடியை எண்ணாமல் கதவை எண்ணுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தனியாக அந்த நடைவழியில் நடந்து பாருங்கள். வேலை செய்பவர்களின் அறை எங்கே என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள், அதை வரைபடத்தில் முதலில் வரையுங்கள். கடைசியில் வரைந்தால் அதுதான் முதலில் அழியும். படிக்காத தோழிகளும் கேட்கலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஹோட்டலில், துணிக்கடையில், பியூட்டி பார்லரில், "அக்கா, நீங்க எங்க உக்காருவீங்க?" என்று ஒரு வார்த்தை. முதலாளி காதில் விழும்படி.

போன வருடம் இன்னொரு டேப்ரூம் வேலை வந்தது. முதல் வரைபடத்தில் தாழ்ப்பாளோடு ஓர் அறை, ஆறுக்கு எட்டு. பாரில் இரண்டு கம்பி. பெண்களுக்கு ஐந்து கதவு. மூன்றாவது கூட்டத்தில், எதிர்பார்த்தபடியே, அந்த அறை இருக்கும் இடத்தில் கெக் வைக்கக் குளிரறை வேண்டும் என்றார்கள். முடியாது என்றேன். ஊஞ்சலை எடுத்துவிட்டு அங்கே வைக்கலாம் என்று வரைந்தும் காட்டினேன். ஒரு வாரம் கழித்து வேறு டிசைனரிடம் போய்விட்டார்கள். என் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, ஓர் அறைக்காக ஒரு வேலையையே விட்டுவிட்டாயே என்று கேட்டார்கள்.

ஆமாம், விட்டேன். முதல் முறை விடாமல் போனதற்கு ஒரு பெண் இன்றைக்கும் கதவில் சாய்ந்துகொண்டு புடவை மாற்றிக்கொண்டிருக்கிறார்.